ஓரத்தில் நின்றவர்கள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தோல்ஷாப் ஆபீஸ் ரூமின் படங்களைத் துடைப்பது தனகோடியின் வேலை. காலையில் வராந்தாவைக் கூட்டி, அங்கே கிடந்த மரச்சீவலையும் காகிதக் குப்பையையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நனைத்த பழைய பேப்பரால் ஒரு தடவை, காய்ந்த வேட்டித் துணியால் ஒரு தடவை. மக்கா படத்துக்கு மட்டும் தனித்துணி. அது முதலாளி அப்துல் வஹீத் சாயபுவின் அப்பா காலத்து வழக்கம். அதை மாட்டிவிட்டு, எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்ளும் படத்தின் பக்கம் திரும்பினாள். அங்கே வேறு படம் தொங்கியது.

தொங்கியிருக்க வேண்டியது ஆம்பூர் தோல்ஷாப்பை யுத்த காலத்தில் எடுத்த படம். பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் அனுப்ப ராப்பகலாக வேலை நடந்த சமயம், மெட்ராஸிலிருந்து போட்டோக்காரர் ஒருவர் வந்தார். பதம் செய்த தோல்களை நடுவில் ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதன் முன்னால் ஆபீசர்களுக்கு நாற்காலி போட்டார்கள். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களுக்குக் கால் வெந்து புண்ணாகியிருக்கும், சாக்குத்துணி சுற்றியிருப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மேஸ்திரி அவர்களை ஓரத்துக்குத் தள்ளினார். கடைசி ஓரத்தில் நின்றவன் தனகோடியின் புருஷன் கன்னியப்பன். அடுத்த மழைக்காலத்தில் கால் புண் சீழ் பிடித்துக் காய்ச்சலாகி அவன் செத்தான். மகள் பூரணி அப்போது வயிற்றில். காரியம் முடிந்ததும், சொந்த ஊரான நெமிலிக்குத் திரும்பிப் போக இருந்தவளைக் கூப்பிட்டுத் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். அதை தர்மம் என்று ஷாப்பில் இன்னமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

கன்னியப்பனுக்கு வேறு படம் கிடையாது. வருஷா வருஷம் தராசுக்கும் மிஷின்களுக்கும் பொட்டு வைத்த கையோடு, இந்தப் படத்தின் நடுவில் ஒரு பொட்டும் ஓரத்தில் யார் கண்ணுக்கும் படாத சின்னப் பொட்டு ஒன்றும் வைப்பாள். இப்போது பூரணிக்குத் தை மாதம் கல்யாணம். அப்பனை ஒரு தடவையும் பார்க்காத பெண், மணவறையில் அவன் படத்தையாவது கும்பிட வேண்டாமா? ஓரத்து முகத்தை மட்டும் தனியாக எடுத்துப் பெரிசு பண்ணி, உடம்புக்கு ஒரு கோட்டுச் சட்டையும் வரைந்து தருவதாக பஜார் ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார். “பூஜை முடிஞ்சதும் எடுத்துட்டுப் போ” என்று சாயபுவும் தலையாட்டியிருந்தார்.

“ரைட்டரய்யா, நம்ம படம் எங்க?”

சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த செங்கல்வராயன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “பாத்தியா, ஜோரா இருக்குல்ல? புது மிஷினு மாட்ட வந்திருக்காரே ஜெர்மன் தொரை, அவரு குடுத்தது. யுத்தத்துல சண்டை விமானம் செய்ற ஃபேக்டரில இருந்தவரு. விமானம் செஞ்ச கை, நம்ம மிஷினை மாட்டுது. நாளைக்கு பூஜைக்கு வர்றாரு. மொதப் பொட்டு இதுக்குத்தான்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

தனகோடி படத்தை இறக்கித் துடைத்தாள். நீளமான கொட்டகை. இறக்கை மாட்டாத விமானங்கள், செதில் சீவி அடுக்கின மீன் மாதிரி, கண்ணுக்கு எட்டின மட்டும் வரிசையாக. நடுவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் அழுக்குப் போல ஏதோ தெரிந்தது. அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. ஆட்கள். மொட்டைத் தலை, பட்டை பட்டையாகக் கோடு போட்ட சட்டை, குச்சிக் கழுத்து. ஒருவன் பாதி உடம்போடு நின்றான். அவன் காலில் கந்தல் சுற்றியிருந்தது.

“இவுங்க யாரு?”

“கைதிங்க. அவங்களுக்கு ஆகாதவங்களை எல்லாம் புடிச்சிட்டு வந்து வேலை வாங்கினாங்களாம். சோறு கம்மி, வேலை ஜாஸ்தி. செத்தா வேற ஆளு.”

“இத்த தொரையேவா சொன்னாரு?”

“ஆமா, டீ குடிச்சிக்கினே சொன்னாரு. அத்த விடு, டிசிப்ளினைப் பாரு. தரையில ஒரு ஆணி கெடக்குதா?”

பச்சைத்தோல் நாற்றத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் கஞ்சி குடித்தவள் தனகோடி. இப்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

“இதுக்கா பொட்டு வைக்கச் சொல்றீங்க? த்தூ.”

“படத்துக்குத்தானே வைக்கிற? அந்தக் கைதிங்களுக்கா வைக்கிற?”

“அவனுங்களுக்கு வைக்கச் சொன்னாக்கூட வைப்பேன், ரைட்டரய்யா.”

அப்போதுதான் சட்டத்தின் மூலை அவள் விரலில் இடறியது. உளி பட்டுப் பெயர்ந்த அந்த மூலை அவளுக்குத் தெரியும். பழைய படத்தின் சட்டம்.

“அது எங்கயும் போய்டல தனகோடி. அட்டைக்குப் பதிலா பின்னால அத்தயே வச்சிட்டாரு சட்டம் போடறவரு. உள்ளதான் பத்திரமா இருக்கு.”

படத்தைக் குப்புறப் போட்டு, மேஜை மேலிருந்த கத்தரிக்கோலால் ஆணிகளை நெம்பினாள். சாயபு உள்ளே வந்தபோது பழைய படம் அவள் கையில் இருந்தது. தோல் அடுக்கு இருந்தது. ஆபீசர்கள் இருந்தார்கள். மேஸ்திரி மீசையோடு முழுசாக இருந்தார். ஓரம் இல்லை.

“சட்டத்தைச் சின்னது பண்ண வேண்டியிருந்திச்சி. அதான் கொஞ்சம் கத்தரிச்சாரு” என்றார் செங்கல்வராயன். “நானே பக்கத்துல நின்னு பாத்தேன், ஆபீசருங்க மேல கத்தி படல. ஓரந்தானே.”

சாயபுவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். “அரே, நான் கவனிக்கலயேம்மா. மன்சுல வச்சிக்காத. கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரரை நானே அனுப்பறேன். எத்தினி படம் வேணும்னாலும் எடுத்துக்க.”

“யார நிக்க வச்சி எடுக்கறது, பாய்?”

அவர் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் கணக்கைப் பார்த்தார்.

“வெட்டின துண்டு எங்க, ரைட்டரய்யா?”

“நேத்து நீ வூட்டுக்குப் போனப்புறம் வராந்தாவுலதான் உக்காந்து போட்டாரு. அங்கதான் எங்கனா...” செங்கல்வராயன் பாதியில் நிறுத்திக்கொண்டார். வராந்தாவைக் கூட்டியது யார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

வெளியே வெந்நீர் அடுப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தனகோடி தன் கைகளை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையில் துடைத்தாள், இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு இரண்டு படங்களையும் மேஜை மேல் குப்புற வைத்தாள். அரைத்து எடுத்து வந்திருந்த சந்தனக் கிண்ணத்தை அவற்றின் பக்கத்தில் வைத்தாள்.

“தனகோடி, தொரை காலையிலயே வந்துருவாரு” என்றார் செங்கல்வராயன். “பொட்டு யாரு வைக்கிறது?”

அவள் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.