சவரி அண்ணன் பாதியாக நறுக்கிய மாத்திரை

சவரி அண்ணன் போய்விட்டார். இன்று காலையில், பத்து காஜா ஊரில், மகன் வீட்டில். இப்போதுதான் போன் வந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் செய்கிறாள். தொண்ணூறைத் தாண்டிய வயதில் இவனுக்கு எதற்கு ஃபேஸ்புக் என்று கேட்காதீர்கள். இதைச் சொல்லாமல் அவரை அனுப்ப மனசு வரவில்லை.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார டாக்டர் ஓடிவிட்டார். மருந்து கொடுக்கும் டிரசரும் ஈப்போ டவுனுக்குப் போய்விட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த சவரி அண்ணன் கையில்தான் மருந்து அலமாரிச் சாவி.

எனக்குக் காக்கா வலிப்பு. அந்த டாக்டர் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார், தினமும் இரண்டு. வலிப்பு நின்றுபோனது. எங்கள் வரிசை வீட்டு லயமே சந்தோஷப்பட்டது. எனக்குக் கண்ணம்மாவைக் கட்டியும் வைத்தார்கள்.

ஆனால் வலிப்பு போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது...

பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் என் மண்டைக்குள் சுருக்கென்று குத்தும். பிள்ளைகள் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். கோபம் வருகிறது என்பதே தெரியாது. கை ஓங்கிய பிறகுதான் தெரியும்.

ஒருநாள் கண்ணம்மா மூன்றாவது நாளாக மரவள்ளிக்கிழங்கு வைத்தாள். அரிசி கிடைக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தட்டைத் தூக்கி அவள் மேல் வீசினேன்.

அவள் புருவம் பிளந்துவிட்டது. முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் இருந்த அவள் அம்மா வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள்.

"மாரிக்கு வலிப்பு போச்சு, பேய் புடிச்சிருச்சு" என்றார்கள். நான் அப்படிக்கூட நினைக்கவில்லை. நானே கெட்டவன், இதுதான் என் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் பெரட்டு. காலையில் வேலைக்கு ஆள் எடுக்க வரிசையில் நிற்போம், ஜப்பான்காரனுக்குக் குனிந்து கும்பிட வேண்டும். என் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவருக்கு முதுகு வளையவில்லை. அந்த ஜப்பான் ஆபீசர் அவரை அறைந்தான்.

என் மண்வெட்டி தலைக்கு மேலே போய்விட்டது.

எங்கிருந்தோ ஓடிவந்தார் சவரி அண்ணன். ஆபீசருக்கு முன்னால் அவரே என் கன்னத்தில் விட்டார் பாருங்கள், ஒரு அறை... மண்வெட்டி கீழே விழுந்தது. அவன் பக்கம் திரும்பிக் குனிந்து, "துவான், இவன் சாக்கிட் துவான்! நோயாளி! இந்த ஓபாட், இந்த மருந்துதான் இப்படிப் பண்ண வைக்குது" என்று மலாயும் தமிழுமாகக் கத்தினார். கையில் மாத்திரை டப்பா.

அவன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தான். சேற்றில் கொட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

அண்ணன் முட்டிபோட்டு ஒவ்வொரு மாத்திரையாகப் பொறுக்கினார். நானும் உட்கார்ந்தேன்.

"அண்ணே, மாத்திரைதான்னு சொன்னீங்களே... நெசமா?"

"எனக்கென்னடா தெரியும்? ஒன் தல போயிரக் கூடாதேன்னு வாயில வந்தத சொன்னேன்."

இன்னும் இரண்டு மாத்திரையைத் துடைத்து டப்பாவில் போட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆனா மாரி... மாத்திரைக்கு முன்னாடி நீ யாரையும் 'டேய்'னு கூட கூப்பிட்டதில்லையேடா."

மறுநாளே ஒரு பிளேடை எடுத்து மாத்திரையைப் பாதியாக நறுக்கினார். "அப்படியே நிறுத்திப்புடலாமேண்ணே" என்றேன். "சட்டுனு நிறுத்துனா செத்துருவடா மடையா, டாக்டர் சொல்லி கேட்டிருக்கேன்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார். தினமும் சாயங்காலம் லயத்துக்கு வந்து, "இன்னிக்கு யார திட்டுன?" என்று விசாரிப்பார்.

ஒரு மாதம் இருக்கும். பக்கத்து வீட்டுக் கரண்டி விழுந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் கரண்டி...

ஆனால் வலிப்பும் திரும்பி வந்தது. மரவள்ளிக் கொல்லையில் இரண்டு தடவை விழுந்தேன்.

அண்ணன்தான் என்னைக் கண்ணம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாமியார் வாசலை விட்டு நகரவில்லை.

"வாங்க மருமவனே. இன்னொரு புருவம் பாக்கி இருக்கு, அதுக்குத்தானே வந்தீங்க?"

என்னால் நிமிர முடியவில்லை. மாத்திரை மேல் பழியைப் போட்டுவிட்டு நிற்க எனக்கு வாய் வரவில்லை. வீசிய கை என் கைதானே.

கண்ணம்மா வெளியே வந்தாள். அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை. "தங்கச்சி, முழு மாத்திரை தின்னா விழமாட்டான், ஆனா கோவம் வரும். பாதி தின்னா கோவம் கம்மி, ஆனா விழுவான். என்கிட்ட வேற மருந்து இல்ல."

"அவர கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒன்னக் கேக்கச் சொல்றான்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"விழட்டும்ணே. விழுந்தா நான் புடிச்சிக்குவேன். அடிச்சா எதப் புடிக்கிறது?"

உடனே வரவில்லை. எட்டு நாள் கழித்துத்தான் வந்தாள். அதுவரை அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து என்னைத் திட்டிப் பார்த்து, நான் திருப்பித் திட்டுகிறேனா என்று சோதித்துக்கொண்டிருந்தார். என் அப்பாவைக்கூட விட்டுவைக்கவில்லை மனுஷன்!

ஜப்பான்காரன் போனபிறகு வேறு மாத்திரை வந்தது. அது எனக்கு ஒத்துக்கொண்டது. அதுவரை எத்தனை தடவை விழுந்தேன் என்று எனக்குத் தெரியாது... விழுகிறவனுக்கு எப்படித் தெரியும்.

இன்று நாலு மணிக்கு அடக்கம். பேத்தி கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் டைப் செய்கிறாள். கண்ணம்மா எனக்கு முன்பே சேலை மாற்றி வாசலில் நிற்கிறாள். "இன்னும் என்னா பேச்சு? அண்ணன் காத்துக்கிட்டு இருப்பாரு, வாங்கலா" என்கிறாள்.

வாறோம் அண்ணே.