சாமியாருக்குப் புரியாத ரோசம்

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ரோசம் என்ற சொல் விடிந்ததிலிருந்து ஓயாது. சாப்பிடக் கூப்பிட்டும் வராத பிள்ளைக்கு ரோசம். திட்டு வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறவனை, "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்பார்கள். இருந்தால் தொல்லை, இல்லாவிட்டால் கேவலம். என் அக்காவுக்கு அது கொஞ்சம் கூடுதல்.

ஜோகூரில் ரெங்கம் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நானும் அவளும் ரப்பர் மரம் சீவினோம். ஒருநாள் அடுத்த வரிசை மரம் சீவும் நிரைக்காரி தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதற்குள், கங்காணி அவள் ரப்பர்பால் வாளியைத் தரையில் கவிழ்த்துவிட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா தன் வாளியைத் தூக்கி வந்து, குனிந்து பட்டை பார்த்துக்கொண்டிருந்த கங்காணியின் தலையில் ஊற்றினாள். ரப்பர்பால் முடியில் உறைந்தால் மொட்டைதான் கதி.

ஏசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாள் வெள்ளைக்காரச் சாமியார் வந்தார். புதுச்சேரியில் தமிழ் படித்தவர். கொட்டகையில் சேலை கட்டி மறைத்து, அவரவர் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டார். அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"கோபம் கொண்டாயா?"

"இல்லீங்க சாமி. ரோசப்பட்டேன்."

"இரண்டும் ஒன்றுதானே, மகளே?"

"எனக்கு ஒண்ணுன்னா கோவம் வரும், போயிடும். இது பிள்ளைக்குப் பால் குடுத்தவளுக்காக வந்தது."

"செய்ததற்கு மனஸ்தாபப்பட்டு வருந்துகிறாயா?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா சாமி?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சாமியார் சிரிக்கவில்லை, பாவமன்னிப்பும் தரவில்லை. மறுநாள் பூசையில் நாங்கள் நன்மை அப்பம் வாங்கப் போனபோது, மன்னிப்புக் கிடைக்காத அக்கா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசித் தூணோரம் நின்றாள்.

அந்த வாரமே தோட்டத்திலிருந்து அவளை விலக்கினார்கள். ஜோகூர் பாருவில் ஒரு துரை வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை கிடைத்தது. ஸ்டேஷனில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நெசமாவே அது பாவமாடி?"

"தெரியலையே அக்கா" என்றேன். ரயில் வந்துவிட்டது.

அடுத்த முறை வந்த சாமியார் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உன் அக்கா எங்கே? அந்தச் சொல்லை நான் பலரிடமும் விசாரித்தேன். ரோஷம் வேறு, கோபம் வேறு. அது பாவமில்லை. அவளிடம் சொல்."

யாரிடம் சொல்வது? அந்தத் துரை குடும்பம் ஊர் மாறிப் போயிருந்தது, அக்காவையும் கூட்டிக்கொண்டு. எங்கே என்று சொல்ல ஆளில்லை. அவள் பாவியென்றே நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு கோவிலில் கடைசித் தூணோரம் நிற்பாள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷனுக்குப் போவேன். தெற்கேயிருந்து வரும் ரயிலில் இறங்கும் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பாவமில்லையாம் அக்கா, சாமியே சொல்லிட்டாரு.