சரிவு வைத்துப் பூசிய தரை

போன புதன்கிழமை காலையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் உருண்டது. அதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டம்ளர் உருண்டதற்கெல்லாம் ஒரு பத்தியா என்கிறீர்களா? இருங்கள், சொல்கிறேன்.

மழைக்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு குதிரை இருக்கிறது. போடியில், சிலமலை ரோட்டில், மாடுகளை விற்றபிறகு சும்மா கிடந்த தொழுவத்தில்... குதிரை! பெயர் செம்பி. வயதானவள். குரங்கணிக்கு மேலே, ஜீப் ஏறாத இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. அந்த ஏலக்காயையும் காப்பிக்கொட்டையையும் வருஷக்கணக்கில் முதுகில் சுமந்து இறக்கியவள் அவள்தான். சொந்தக்காரர் பேச்சிமுத்து அண்ணன். லோடு குதிரைகள்தான் அவருக்குப் பிழைப்பு.

மழைக்கு முன்பே செம்பி பின்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்க ஆரம்பித்திருந்தாள். குளம்புக்கு மேலே இருக்கிற கணு, கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். சின்னப் பெண், ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

"கணுவைத் தாங்கற லிகமென்ட் தளர்ந்துபோச்சுங்க. பழைய எலாஸ்டிக் மாதிரி... திரும்ப இறுகாது. மருந்து வலியக் குறைக்கும், அவ்வளவுதான். இனி லோடு கூடாது, மலை கூடவே கூடாது. சமதரையில வச்சுப் பாத்துக்கிட்டா இன்னும் சில வருஷம் நல்லா இருக்கும்."

சமதரைக்குக் குரங்கணியில் எங்கே போவது? பேச்சிமுத்து அண்ணன் வீட்டு வாசலே சரிவு. எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒங்க தொழுவம் சும்மாதான கெடக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். பரம்பரையாக மாடு வளர்த்த குடும்பம் அவருடையது. விடுவாரா? குண்டும் குழியுமாக இருந்த கல்தரையைப் பெயர்த்தார். கொத்தனாரை வரவழைத்துப் பக்கத்திலேயே நின்று சிமென்ட் பூச வைத்தார். கால் வழுக்காமல் இருக்கக் கோடு கோடாகக் கீறல் வேறு. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் அடுப்படித் தரைகூட அவ்வளவு அழகில்லை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தோம். காலையில் வண்டிப்பாதையில் மெதுவாக நடை. பிறகு பின்னங்கால்களுக்குப் பச்சைத்தண்ணீர். வலிக்கான பொடியை வெல்லத்தில் பொதிந்து கொடுப்பார் இவர். என் பிரஷர் மாத்திரை என்ன கலர் என்று கேட்டால் தெரியாது... செம்பியின் பொடி மட்டும் நேரம் தவறாது! எடை ஏறக் கூடாது என்று கொள்ளுத் தீனியைக் குறைத்தோம். என் டாக்டரும் என்னிடம் அதைத்தான் சொல்கிறார், நான்தான் கேட்பதில்லை.

இவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? மோசமானாள். படுத்தால் எழ முடியவில்லை. வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்து ஆளுக்கொரு பக்கம் தூக்க வேண்டியிருந்தது. கணு கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. அந்தக் கண்ணைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வந்த டாக்டரம்மா கணுவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "வலியோட வச்சிருக்கறது பாவம்ங்க. வெள்ளிக்கிழமை வர்றேன். ஊசி போட்டுரலாம்."

பேச்சிமுத்து அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் போனில் கூப்பிட்டார்.

"ஜேசிபிக்குச் சொல்லிட்டேன் தங்கச்சி. ஒங்க வீட்டுக்குப் பின்னால தோப்போரமா வெள்ளிக்கிழமையே குழி எடுத்துரலாம்."

இங்கே அவள் புல் தின்றுகொண்டிருக்கிறாள். அங்கே அவளுக்குக் குழி வெட்ட வண்டி புக் ஆகிவிட்டது!

சரி, டம்ளருக்கு வருகிறேன்.

புதன்கிழமை காலையிலேயே அண்ணன் வந்து செம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இருக்கிற நாளை அவளோடு கழிக்கலாம் என்று வந்திருப்பார். நான் எல்லோருக்கும் டீ கொண்டுபோனேன். குடித்த டம்ளரைத் தீவனத் தொட்டி விளிம்பில் வைத்தேன். செம்பி மூக்கால் ஒரு தட்டு தட்டினாள். டம்ளர் கீழே விழுந்தது.

விழுந்தது நிற்க வேண்டாமா? உருண்டது. முன்னங்கால்களைத் தாண்டி, வயிற்றுக்கடியில் புகுந்து, பின்னங்கால்களுக்கு நடுவே போய், கடைசியில் இருந்த சாக்கடையில் டங்கென்று விழுந்தது.

நான் அப்படியே நின்றேன்.

"என்னங்க... டம்ளர் ஏன் உருளுது?"

"உருளாமப் பின்ன? சரிவு வச்சுல்ல பூசியிருக்கு? மூத்திரம் வடிஞ்சு ஓட வேணாமா? தொழுவம்னா பின்பக்கம் தாழத்தான் இருக்கணும். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தா..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். மூன்று பேரும் செம்பியின் பின்னங்கால்களைப் பார்த்தோம்.

மாட்டுக்காகப் போடுகிற தரை! தலையைத் தொட்டியில் கட்டினால் பின்னங்கால்கள் எப்போதும் பள்ளத்தில். தினமும் சாணி அள்ளுகிற எங்கள் கண்ணுக்கு அந்தச் சரிவு தெரியவே இல்லை. டாக்டரம்மாவுக்கும் தெரிய வழியில்லை. உள்ளே இருட்டு என்று, அவர் வரும்போதெல்லாம் செம்பியை முற்றத்துக்குக் கொண்டுவந்துதான் காட்டுவோம்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் ஒரு அலறல்.

"ஐயோ! பின்னங்கால் தாழ நின்னா வெயிட்டு பூரா பின்னாடிதானங்க எறங்கும்! மொதல்ல அவளை வெளிய கொண்டாங்க!"

பேச்சிமுத்து அண்ணன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "மலையே ஆகாதுன்னு கீழ கூட்டியாந்து, ராவும் பகலும் மலையிலயே நிப்பாட்டிப்புட்டமே ஆத்தா!"

என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்தார். ஆசை ஆசையாகப் பூசிய தரையைப் பொழுது சாய்வதற்குள் பெயர்த்துப் போட்டார். மண்ணைக் கொட்டி, கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி, அதற்குள் இருக்கிற குமிழி நட்டநடுவில் நிற்கிற வரை தட்டித் தட்டிச் சமன்செய்து, மேலே மெத்தென்று மணலைப் பரப்பினார். திட்டலாம் என்றுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மூட்டு வலிக்கிற மாமியார் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் கீழ் அறையில் புதுக்கட்டில், புது மெத்தை, புது ஃபேன் எல்லாம் போட்டார்கள். பாத்ரூம் மட்டும் கொல்லையில், படி இறங்கித்தான் போக வேண்டும்! அந்த அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவு செய்கிறவர்களிடம் குறை சொல்வதா என்று நினைத்திருப்பார். மருந்து கொடுக்கிறோம், பழம் நறுக்கிக் கொடுக்கிறோம். அவர்கள் கால் வைக்கிற இடத்தை எத்தனை பேர் பார்க்கிறோம், சொல்லுங்கள்?

வெள்ளிக்கிழமை விடிந்தது. செம்பி மணலில் படுத்திருந்தாள். நாங்கள் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினோம். கிட்டே போவதற்குள் முன்னங்கால்களை ஊன்றினாள். ஒரு தடுமாற்றம்... ஒரு பெருமூச்சு... தானாகவே எழுந்துவிட்டாள்!

டாக்டரம்மா இரண்டு கால்களையும் அழுத்திப் பார்த்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். "கால் பழையபடி ஆகாது, அதை மறந்துராதீங்க. பொடி, நடை எல்லாம் இருக்கணும். ஆனா இன்னைக்கு ஊசி வேணாம்."

அண்ணன் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன். இதில் என்ன வெட்கம்?

அப்போது வாசலில் தடதடவென்று ஒரு சத்தம். ஜேசிபி! வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் நினைவில்லை. டிரைவர் இறங்கி உள்ளே வந்தார். புல்லை மென்றுகொண்டிருந்த செம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கா குழி வெட்டச் சொன்னீங்க?"



பின்குறிப்பு: இரவல் வாங்கிய ரசமட்டம் இன்னும் திரும்பிப் போகவில்லை. நேற்று இவர் அதைப் பாத்ரூம் வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒனக்கு முழங்கால் எப்பருந்து வலிக்குது?" என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் முதல் தடவை!