தாட்சாயிணி இரண்டு முறை வேலையை விட்டாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தாட்சாயிணிக்கு நன்றாகத்தான் போகும். கறிக்குழம்பு, ஒரு குட்டித் தூக்கம், மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்து வருவது. வெயில் சாயத் தொடங்கியதும் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல ஒன்று ஆரம்பிக்கும். நாளைக்குத் திங்கட்கிழமை.

இத்தனைக்கும் வேலையில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கு பிரேக் சாமான் செய்யும் கம்பெனி. அதில் டெஸ்பேட்ச் பிரிவு. எந்த லாரியில் எந்தப் பெட்டி போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றி பில் அடித்துக் கொடுக்க வேண்டும். தலைக்கு மேலே ஃபேன், காலையும் மாலையும் டீ. மேனேஜர் சிவராமன் ஒருநாளும் குரலை உயர்த்தியவரில்லை. அவர் செய்வதெல்லாம் இவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்து, “ம்ம்” என்பதுதான். அந்த ‘ம்ம்’ நன்றாயிருக்கிறது என்பதா, நாசமாயிருக்கிறது என்பதா, பதினோரு வருஷமாக அவளுக்குப் பிடிபடவில்லை. திட்டியிருந்தாலாவது வீட்டுக்கு வந்து புலம்பலாம். ‘ம்ம்’மை வைத்துக்கொண்டு என்னத்தைப் புலம்புவது?

கணவன் ஹேமநாதனிடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். அவன் ஆவடியில் பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டர். காலையில் கிளம்பும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் போவான்.

“ஏங்க, உங்களுக்கு உங்க வேல புடிக்குதா?”

ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். “இன்னா கேள்வி இது? உன் மூக்கு உனக்குப் புடிக்குதான்னு கேக்குற மாதிரி கீது. மூக்கு கீது. அவ்ளோதான்.”

“அப்ப பாட்டு பாடிகினே போறீங்களே?”

“அது கேரம் போர்டுக்கு. மத்தியானம் சாப்பாட்டு டைம்ல எங்க செக்‌ஷனுக்கும் பெயின்ட் செக்‌ஷனுக்கும் மேட்ச். நேத்து நாலு காய்ல தோத்துட்டோம். இன்னிக்கு உடமாட்டேன்.”

அவனுக்கு வேலை என்பது ஒரு கேரம் போர்டைச் சுற்றிக் கட்டிய தொழிற்சாலை. தாட்சாயிணிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் விஷயத்தில் திருப்பம் வந்தது பக்கத்து மேஜை ரேஷ்மாவால். பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்த நாளிலிருந்து, எப்போது வந்து சேருவாள் என்று அவளுக்கே தெரியாது. “அக்கா, எனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்குடேன். எங்க வீட்ல எல்லாரும் கத்துக்குடுக்கிறேன்னு சொல்றாங்க, ஏறி உக்காந்ததும் கத்துறாங்க” என்றாள்.

குடோனுக்குப் பின்னால் பழைய பலகைகள் கிடக்கும் காலி இடம் ஒன்று இருந்தது. அங்கே மத்தியான வேளைகளில், அவசரமாக டிபன் பாக்ஸை மூடிவிட்டு, தாட்சாயிணி தன் ஸ்கூட்டரில் ரேஷ்மாவை ஏற்றிப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு வாரம் வண்டி கோழி மாதிரி அங்குமிங்கும் தத்தியது. பிறகு ஒருநாள் ரேஷ்மா சுவர் வரை நேராகப் போய், திரும்பி, நேராகவே வந்து நின்றாள். நின்றதும் போட்ட சத்தத்தில் குடோன் ஆட்கள் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார்கள்.

அன்றைக்கு மாலை வீட்டுக்கு வரும் வழியில்தான் தாட்சாயிணிக்கு உறைத்தது: இன்று கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்து கேன்டீன் பெண்கள் கேட்டார்கள். பிறகு அவர்களுடைய தங்கைகள், அண்ணிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேக்காட்டைத் தாண்டி, மனை போட்டு விற்றும் இன்னும் வீடு எழும்பாத ஒரு லே-அவுட்டில் கற்றுக்கொடுத்தாள். தெருக்கள் கோடு கிழித்தது போல நேராக இருக்கும். விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை. மாடுகளும் நாய்களும் தவிர வேறு போக்குவரத்து கிடையாது. வயிற்றில் ஈரத்துணி பிழிவது அந்த ஞாயிறுகளில் நின்றுபோனது. திங்கட்கிழமை காலைக்குத் தள்ளிப்போனது என்பதுதான் சரி.

வேலையை விடப் போவதாகச் சொன்னபோது ஹேமநாதன் தோசையைப் பிய்த்த கையை அப்படியே நிறுத்தினான்.

“கம்ப்யூட்டர் வேலைய உட்டுட்டு வெயில்ல வண்டி தள்ளப் போறியா?”

“ஆமா.”

“கறுத்துருவ.”

“இப்ப மட்டும் இன்னா, சந்தனக் கட்டையா கீறேன்?”

அவன் யோசித்தான். பிறகு, “செரி, பழைய ஹெல்மெட் ஒண்ணு பரண் மேல கீது, எடுத்துக்கோ” என்று மிச்சத் தோசையைச் சாப்பிட்டான். சம்மதம் அந்த வடிவத்தில் கிடைத்தது. சிவராமனிடம் ராஜினாமாவைக் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு “ம்ம்” என்றார்.

‘தாட்சு டூ வீலர் பயிற்சி, மகளிருக்கு மட்டும்’ நன்றாகவே ஓடியது. ஐ.டி. வேலைக்குப் போகிற ஃபிளாட் பெண்கள், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள் எல்லாரும் வந்தார்கள். இரண்டே வருஷத்தில் மூன்று ஸ்கூட்டர்கள். சேக்காடு மெயின் தெருவில் ஒரு சின்னக் கடையே பிடித்தாள்: ஒரு மேஜை, ஒரு வெள்ளைப் பலகை, ஓயாமல் அடிக்கும் ஒரு போன். கற்றுக்கொடுக்க சௌம்யா என்ற பெண்ணை வேலைக்கு வைத்தாள். சௌம்யா பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். பாஸாகும் வரை ஏதாவது செய்ய வேண்டுமே என்று வந்தவள். “எனக்கு இது புடிக்கும்னு இல்ல அக்கா, புடிக்கலன்னும் இல்ல” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக, லே-அவுட்டுக்குப் போவது சௌம்யா என்றும் கடையில் உட்காருவது தாட்சாயிணி என்றும் ஆகிவிட்டது. யாரும் முடிவு செய்யவில்லை. போனை யாராவது எடுக்க வேண்டும், எல்.எல்.ஆருக்கு யாராவது பதிவு செய்ய வேண்டும், ஆறு மணி ஆளை ஏழுக்கும் ஏழு மணி ஆளைச் சனிக்கிழமைக்கும் யாராவது மாற்ற வேண்டும். ஓனர் அல்லவா, அந்த யாராவது அவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை துணி எடுக்க மாடிக்குப் போனாள். வயிற்றுக்குள் பழைய ஈரத்துணி. கொடிக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டாள். இப்போது பின்னால் வந்து நிற்க சிவராமன்கூட இல்லையே! சொந்தக் கடை, சொந்தப் பெயர்ப்பலகை. அப்புறம் ஏன்? வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். சில மாதங்கள் அப்படியே போயின.

பிறகு சௌம்யாவுக்குப் பரீட்சை வந்தது. லீவு. அன்று காலை வகுப்பு நாகம்மாவுக்கு.

நாகம்மா ஆவடி ஸ்டேஷன் பக்கம் பூக்கடை வைத்திருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாங்காடு காமாட்சியைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. அழைத்துப் போகும் மகனோ வாரா வாரம் ஒரு சாக்கு சொல்கிறான். அந்தக் கோபத்தில்தான் சேர்ந்தாள். ஆனால் எதிரே எது வந்தாலும், காகமே ஆனாலும், இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வாள். “இந்த அம்மாவுக்கு மட்டும் என்னால முடியல” என்று சௌம்யா கைவிடும் நிலையில் இருந்தாள்.

“இன்னா டீச்சர், நீயே வந்துகீற? அந்தப் பொண்ணு பயந்துகினு ஓடிச்சா?”

“பரீட்சைக்குப் போயிருக்காக்கா. வாங்க, ஏறுங்க.”

பின்னால் உட்கார்ந்த தாட்சாயிணிக்கு முதல் சுற்றிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. நாகம்மாவின் கைகள் நன்றாகவே ஓட்டின. சாலையைப் பார்த்துப் பார்த்து மனசுதான் நடுங்கியது.

“யக்கா, போன வெள்ளிக்கிழம உங்க புள்ள இன்னா சாக்கு சொன்னான்?”

அவ்வளவுதான். “அவனா? அந்த சோம்பேறி இன்னா சொன்னான்னு கேளு. முதுகு புடிச்சிகிச்சாம் தொரைக்கு! கிரிக்கெட் ஆட மட்டும் முதுகு வளையுமாம்! பெத்து வளத்து, பூ கட்டிக் கட்டி விரல் தேஞ்சு...”

வண்டி சீராகப் போயிற்று. முதல் திருப்பத்தில் நாகம்மா மகனின் படிப்பைப் பற்றித் திட்டிக்கொண்டே திரும்பினாள். இரண்டாவது திருப்பத்தில் அவன் பிடிவாதம் வந்தது. அங்கே வேகம் குறைந்தபோது தாட்சாயிணி இரண்டு காலையும் தரையில் ஊன்றி, சத்தமில்லாமல் எழுந்து நின்றுவிட்டாள். வண்டி அவளுக்குக் கீழிருந்து நழுவிப் போனது. நாகம்மாவின் திட்டு மருமகள் பக்கம் திரும்பியிருந்தது.

நடுத்தெருவில் ஒரு பசு படுத்திருந்தது.

“நவுரு! உனக்கும் முதுகு புடிச்சிகிச்சா? நவுருன்றேன்ல!” என்று நாகம்மா அதே குரலில் பசுவையும் ஒரு பிடி பிடித்தாள். பசு தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. நாகம்மா அதைச் சுற்றிக்கொண்டு போனாள். கண்கள் திறந்தே இருந்தன.

“கேக்குறியா டீச்சர்?” என்றாள் சிறிது தூரம் போய். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். பின் சீட் காலி. “ஐயோ!” என்று அலறி ஒரு மணல் மேட்டில் வண்டியைச் செருகி, மெதுவாக, ஏறக்குறைய உட்காருவது போலவே விழுந்தாள்.

தாட்சாயிணி ஓடினாள். நாகம்மா மணலில் உட்கார்ந்தபடி, “நீ எப்ப எறங்கன?” என்றாள்.

“மருமகளுக்கு முன்னாடியே எறங்கிட்டேன்க்கா.”

“அப்ப... அந்த மாட்ட நான் ஒண்டியாவா தாண்டனேன்?”

“ஒண்டியாதான்.”

நாகம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. தூக்கிவிடப் போன தாட்சாயிணியும் சிரிப்பில் பிடி வழுக்கி மணலில் உட்கார்ந்தாள். பசு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைக்குத் திரும்பியபோது சுடிதாரெல்லாம் மணல், மனசு பஞ்சு மாதிரி இருந்தது. மேஜையில் விட்டுப்போன போனில் தவறிய அழைப்புகள் வரிசை கட்டியிருந்தன. அதைப் பார்த்ததும் பஞ்சு நனைந்துவிட்டது. ஈரத்துணி எதனால் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ரேஷ்மா வந்தாள். பூந்தமல்லியிலிருந்து ஆவடி ரோடு வழியாக அவ்வப்போது தன் ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டுப் போகிறவள்தான். அன்று முகம் தொங்கியிருந்தது.

“பழைய வேலை போச்சுக்கா. நாற்காலி மட்டும்தான் இருக்கு. பெட்டில ஒரு மெஷினக் காட்டுனா அதுவே எல்லாத்தையும் ஏத்திக்குது. நான் பீப் சத்தம் கேட்டுகினு உக்காந்துருக்கேன்.”

“நல்லதுதானே? பில் அடிக்கிற தொல்லை இல்ல.”

“தொல்லையா?” ரேஷ்மா நிஜமாகவே திகைத்தாள். “எனக்கு அதுதான்க்கா புடிச்சது. பதினஞ்சு லாரி கேட்ல நிக்கும். எது முதல்ல, எது அப்புறம்னு மண்டைக்குள்ள அடுக்கி, ஒவ்வொண்ணா வெளிய அனுப்பி, சாயங்காலம் கேட் காலியா இருக்கிறதப் பாத்தா... உனக்கு அப்படி இருந்ததே இல்லையா?”

பக்கத்துப் பக்கத்து மேஜையில் அத்தனை வருஷம். ஒரே பில், ஒரே ஃபேன், ஒரே ‘ம்ம்’.

“நான் டீ வாங்கியாறேன், போன் அடிச்சா எடு” என்று தாட்சாயிணி வெளியே போனாள். டீக்கடையில் கூட்டம். திரும்பி வருவதற்குள் ரேஷ்மா வெள்ளைப் பலகையைத் துடைத்துப் புதிதாகக் கோடு போட்டிருந்தாள். காலையில் குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்புகிறவர்கள் ஒரு பக்கம், ஷிஃப்ட் முடிந்து வருகிற நர்ஸுகள் ஒரு பக்கம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, “மேடம், உங்களுக்கு ஏழரைதான் சௌகரியம், நான் சொல்றேன் கேளுங்க” என்று யாரையோ வழிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“இது தங்கமான வேலக்கா” என்றாள் போனை வைத்துவிட்டு.

“அப்ப நீயே வெச்சுக்கோ.”

“இன்னா சொல்ற?”

“நெசமாத்தான். இந்த நாற்காலி உனக்கு, லே-அவுட் எனக்கு.”

வீட்டில் சொன்னதும் ஹேமநாதன் வாய்விட்டுச் சிரித்தான். “நீ ஆரமிச்ச கடைல நீயே வேலைய உடுறியா? லெட்டர யார்கிட்ட குடுப்ப?”

“ரேஷ்மாகிட்டதான்.”

ரேஷ்மா அடுத்த மாதமே வந்து சேர்ந்தாள். எல்லாம் தேன் என்று சொல்ல முடியாது. ரேஷ்மா கண்டிப்பானவள், வகுப்பு கால் மணி நேரம் இழுத்தால் ஓனர் என்றும் பார்க்காமல் தாட்சாயிணியைக் கேள்வி கேட்டாள். ஒருமுறை இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் லே-அவுட் குளமாகி வகுப்பே நடக்காத வாரங்களில் தாட்சாயிணிக்கு எரிச்சல்தான். சௌம்யா பரீட்சையில் தேறி, திருவள்ளூர் பக்கம் ஒரு பேங்கில் சேர்ந்துவிட்டாள். அந்த வேலை புடிச்சிருக்கா என்று போனில் கேட்டதற்கு, “ஏசி நல்லாருக்கு அக்கா” என்றாள்.

நாகம்மா இரண்டாம் தடவையில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை, முதுகு உண்மையாகவே பிடித்துக்கொண்ட மகனைப் பின்னால் உட்கார வைத்து மாங்காட்டுக்கு ஓட்டிப்போனாள். வழி நெடுக அவன் “ம்மா, மெதுவா” என்று கெஞ்சினானாம். திரும்பும் வழியில் ஒரு கட்டு மல்லிகையைத் தாட்சாயிணியின் கடையில் வைத்துவிட்டுப் போனாள்.

போன வாரம் ஒரு காலை. குவார்ட்டர்ஸிலிருந்து புதிதாக ஒரு பெண், கூடவே அவள் புருஷன். ஹெல்மெட்டும் சாயம் போன முழுக்கைச் சட்டையுமாக நின்ற தாட்சாயிணியை அவன் மேலும் கீழும் பார்த்தான்.

“மேடம், ஓனர் நீங்கதான்னு சொன்னாங்க. நீங்களே வெயில்ல வந்து நிக்கிறீங்களே, ஆள் கெடைக்கலயா?”

“நெழல்ல உக்கார ஆள் கெடச்சிட்டாங்க சார்” என்றாள் தாட்சாயிணி. “நீங்க அந்தக் கம்பத்தாண்ட போய் நில்லுங்க. கிட்ட இருந்தா கத்துவீங்க.”

அவன் போகும் வரை காத்திருந்து, அந்தப் பெண்ணின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். “வீட்ல யார் மேலம்மா கோவம் உனக்கு?” என்று கேட்டுக்கொண்டே, அவள் கையை ஆக்ஸிலரேட்டர் மேல் வைத்தாள்.