மாரப்பன் என்ற பெயரில் போனவர்

பாப்பிரெட்டிப்பட்டியில் எடைமேடை சென்றாயனை ஒரு விஷயத்தை நம்ப வைப்பதற்குள் சொல்பவருக்குத் தாவு தீர்ந்துவிடும். "மழை வருதுங்க" என்றால் வெளியே வந்து கையை நீட்டிப் பார்ப்பார். சொட்டு விழுந்தாலும் மாடியில் யாராவது துணி பிழிகிறார்களா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இளவயதிலிருந்து பார்த்த வேலை அப்படி. ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு லாரிகளுக்கு எடை போடுவது அவர் வேலை. லோடு எடையின்போது கிளீனர் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருப்பான். காலி வண்டி எடைக்கு வரும்போது டீக்கடையில் நின்று வடை தின்றுகொண்டிருப்பான். அவன் எடையும் கிழங்குக் கணக்கில் சேர்ந்துவிடும். கிழங்குக்கு நடுவே ஈர மண்ணைக் கொட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சென்றாயன் கண்டுபிடித்தார். பாவம், அந்தக் கண்ணை வேலை செய்யும் இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வர அவருக்குத் தெரியவில்லை. மகள் பூவிழி பள்ளியில் படித்தபோது கோயில் திருவிழா மேடையில் பாட ஆசைப்பட்டாள். இவர் நேராகப் போய்ப் பாட்டுக் கச்சேரிக்காரர்களிடம் ஆதார் அட்டை கேட்டார். அவர்கள் கோபித்துக்கொண்டு கிளம்ப, ஊரே இவரை ஏசியது. அதற்குப் பிறகு பூவிழி வீட்டில் ஒரு பாட்டை முணுமுணுத்ததுகூட இல்லை.

இப்போது அவள் தருமபுரியில் ஒரு கணினி மையத்தில் பாடம் எடுக்கிறாள். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் அருள்குமாருக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நகை, புடவை எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"ரிசப்ஷனுக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கணும்ப்பா. தருமபுரி பிரபாகர் குழுவா இருக்கணும். வேற யாரும் வேண்டாம்."

"ஏன், ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"அவங்க நல்லா வாசிப்பாங்க."

"நீ எங்க கேட்ட?"

பூவிழி சட்டென்று துணி மடிக்கத் தொடங்கினாள். மனைவி தீர்த்தம்மாள் அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். அதுபோதும் சென்றாயனுக்கு. அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவன் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். கீபோர்டு வாசிக்கிறவனா, அந்தப் பிரபாகரேதானா? இன்றைக்குக் கண்டுபிடிக்காவிட்டால் நாளைக்கு மண்டபத்தில் சம்பந்தி முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டி வரும். ஒன்று கச்சேரி நிற்கும், இல்லாவிட்டால் கல்யாணமே நிற்கும்.

மறுநாள் பஸ் ஏறித் தருமபுரி போனார். விசாரித்துக்கொண்டு, மாவு மில்லுக்கு மேலே இருந்த அவர்களுடைய பயிற்சி அறையைக் கண்டுபிடித்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் உஷாராகிவிடுவார்களே!

"நான் மாரப்பன். பொம்மிடி. பையனுக்குக் கல்யாணம், கச்சேரி வைக்கலாம்னு" என்றார்.

பிரபாகர் எழுந்து நாற்காலி போட்டான். முப்பதைத் தாண்டியவன். சுவரில் அவன் மனைவியும் குழந்தையும் இருக்கும் படம் மாட்டியிருந்தது. படம் மாட்டினால் யோக்கியனா என்று சென்றாயன் மனதுக்குள் கேட்டுக்கொண்டார்.

"இந்தா தம்பி, நேரா கேட்கறேன். நெசமாவே வாசிப்பீங்களா, ட்ராக் போடுவீங்களா? போன வருசம் ஒரு கல்யாணத்துல பாடறவன் மைக்க எடுத்துத் துடைச்சிக்கிட்டு இருக்கான், பாட்டு அது பாட்டுக்கு ஓடுது."

பிரபாகர் சிரித்துவிட்டான். "நம்மகிட்ட அந்த வேலையே இல்லைங்கய்யா. எல்லாம் வாசிக்கறதுதான்."

பையன்கள் வாசித்துக் காட்டினார்கள். சென்றாயன் கேட்டதைவிடப் பார்த்ததுதான் அதிகம். கீபோர்டுக்குப் பின்னால் போய் ஒயர் எங்கே போகிறது என்று குனிந்து தேடினார். எவன் முகத்திலும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பாடற பொம்பளைப் புள்ளை எங்க?"

"லீவுங்கய்யா. அதுக்கே கல்யாணம்" என்றபடி பிரபாகர் போனை நீட்டினான். "இதக் கேளுங்க, போன மாசம் பாடினது."

காணொளியில் மேடை முழுக்கப் புகை. பெண்ணின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"இது ட்ராக்" என்றார் சென்றாயன். "எந்தப் புள்ளைக்கும் தொண்டை இவ்வளவு சுத்தமா இருக்காது. என்ன ஏமாத்தப் பாக்கற?"

"இருங்கய்யா, கொஞ்சம் தள்ளிப் பாருங்க. கரண்டு போச்சி அன்னிக்கி."

மேடை இருட்டானது. கீபோர்டு நின்றது, கூட்டம் ஓவென்று கத்தியது. அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை. மைக் இல்லாமல், பச்சையாக, பாட்டு தொடர்ந்தது. சத்தம் மெல்ல அடங்கியது. பாட்டு முடிந்ததும் இருட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "யாராச்சும் லைட்டு அடிங்கண்ணா, ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்றாள்.

சென்றாயன் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். "சாப்பிட வாங்கப்பா" என்று தினமும் கூப்பிடுகிற குரல் அது.

"நம்ம பாப்பிரெட்டிப்பட்டி புள்ளதாங்க" என்றான் பிரபாகர். "மூணு வருசமா ஞாயித்துக்கிழமை ஆனா வந்து பாடிட்டுப் போகும். வூட்ல ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு வரும். மாப்பிள்ளையே ஒரு கல்யாணத்துல அது பாட்டக் கேட்டுட்டுத்தான் பொண்ணு கேட்டு வந்தாரு. அவங்க அம்மாவுக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்குத்தான் தெரியாது."

"ஏன்?" என்று கேட்டார்.

"அவரு ஒரு மாதிரிங்க. யாரையும் நம்பமாட்டாராம். அவரு முன்னாடி ஒரு பாட்டு பாடிட்டு அந்த வூட்ட விட்டுப் போகணும்னு அதுக்கு ஆசை. அதுக்குத்தான் ரிசப்ஷனுக்கு நாங்க வரணும்ங்குது. கேக்கவே பயப்படுதுங்க, பாவம்."

எழுந்து நின்று 'அந்த அப்பன் நான்தான்டா' என்று கத்தியிருக்கலாம். பொம்மிடி மாரப்பனுக்கு அந்த உரிமை இல்லை. பொய்யைப் பிடிக்க வந்த இடத்தில் பொய்ப் பெயரோடு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. தன் வீட்டுக்குள்ளேயே தன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதே என்ற அவமானம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பூவிழியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அந்தக் குழுவே வரட்டும். நீயும் ஒரு பாட்டு பாடு."

அவள் முகம் வெளுத்துப் போனது. "நான் இப்பவும் பாடறேன்னு யாருப்பா சொன்னாங்க?"

"கேட்டேன். கரண்டு போன அன்னிக்கிப் பாடினத. பேர மாத்திச் சொல்லிட்டு உளவு பாக்கப் போனேன் பாப்பா. அங்க கேட்டேன்."

பூவிழி அழவில்லை, காலிலும் விழவில்லை. அவரையே உற்றுப் பார்த்தாள்.

"இப்ப சரின்னுட்டு, நான் மைக்கத் தொட்டதும் மேடைக்கு வந்து ஏதாச்சும் கேப்பீங்களாப்பா?"

ஊரையே சந்தேகப்பட்ட மனுஷனுக்குத் தன்னையும் ஒருவர் சந்தேகப்படலாம் என்பது அன்றுவரை தோன்றியதே இல்லை.

"வரமாட்டேன்னு சொன்னா நம்புவியா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "தெரியலப்பா."

அவர் அவள் எதிரிலேயே போனை எடுத்தார். பிரபாகருக்குப் போன் போட்டுத் தன் பெயர் சென்றாயன் என்று சொன்னார். எதிர்முனையில் பிரபாகர் படபடவென்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான்.

வரவேற்பு அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பட்டுப்புடவையும் மாலையுமாகப் பூவிழி மைக்கை வாங்கினாள். அருள்குமார் ஒதுங்கி நின்றுகொண்டான். முதல் வரிசையில் சென்றாயன். அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டே பல்லவியைத் தொடங்கினாள். குரல் லேசாக நடுங்கியது. பந்தியில் சாம்பார் தீரப்போகிறது என்று யாரோ வந்து காதில் சொன்னார்கள். அவர் திரும்பவில்லை. எழுந்துவிடப் போகிறார் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று, கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சரணத்துக்கு வந்த பிறகு பூவிழி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.