தவளைக்குக் குற்றாலத்துப் பாசி

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் வீட்டுக்குள்ளேயே தவளை வந்து நிற்கும். அப்படி வந்த ஒன்றைப் பிடித்து, மீன் இல்லாமல் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியில் விட்டாள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற என் மகள். அதுவோ வெறும் கண்ணாடியில் கால் வழுக்கி வழுக்கி மூலையில் ஒடுங்கிக்கொண்டது. ஈயைப் போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெத்துன்னு பாசி வேணும்பா. இல்லன்னா செத்துப் போயிரும்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏட்டி, அழாத. அருவிப் பாசியே கொண்டாரேன்."

மறுநாள் குற்றாலத்தில் குளித்துவிட்டு, அருவித் தண்ணீர் ஓடுகிற பாறையில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தேன். பாசி கம்பளம் மாதிரி இருந்தது; வாரி டப்பாவில் அடைத்தேன். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், "என்னத்துக்கு அண்ணாச்சி பாசிய வாருதிய?" என்றார்.

"வீட்ல தவளை இருக்கு. அதுக்கு."

"அப்ப கூட்டிட்டு வாங்க. ஒரு எண்ணெ தேச்சு விடுதேன்."

நானும் சிரித்தேன். பிள்ளைகளே, அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். குற்றாலத்தில் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் பூசிக்கொண்டுதான் பலரும் அருவியில் நிற்பார்கள். அந்த எண்ணெய் எல்லாம் கீழே எங்கே போகும்? நான் வாரிய பாறைக்குத்தான். என் உடம்பிலும் அதே வாசனை அடித்ததால் மூக்குக்கும் தெரியவில்லை.

வீட்டில் பாசியை விரித்துத் தண்ணீர் தெளித்தேன். தவளை ஏறி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் பளபளவென்று மின்னியது. மகள் குனிந்து மோந்தாள்.

"அப்பா! தவளைக்கு எண்ணெயா தேச்சு விட்டிய? அது தோலாலதான் தண்ணி குடிக்கும், தோலாலயும் மூச்சு விடும்!"

தவளை காலைப் பரப்பிவிட்டது. கூரையிலிருந்து வழிந்த மழைத் தண்ணீரை வாளியோடு தூக்கிவந்தாள் என் மனைவி. தவளையைப் பேசினில் விட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினோம். திடீரென்று அது என் கையிலிருந்து வழுக்கி, வேட்டி மடிப்புக்குள் போய் விழுந்தது. உள்ளே ஒரே குதி. நான் வீடு முழுக்க ஆடினேன்.

"குதிக்குது! பொழச்சுட்டு!" என்று மகள் கை தட்டினாள். என்னை யாரும் கவனிக்கவில்லை.

மனைவி என்னைப் பின்பக்கம் கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டினாள். "பாசி புடிச்சுக் கெடக்கு, சுரண்டுங்கன்னு ஒரு மாசமா சொல்லுதேன். அது கண்ணுக்குத் தெரியல. பாசி வார குத்தாலம் போயிருக்காவ!"

சுவரில் பாதிக்குத்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தேன். இடுப்பு வலிக்கிறது என்று விட்ட மறுபாதியில், எண்ணெய் படாத, பவுடர் படாத பாசி தளதளவென்று இருந்தது. அதைக் கழுவித் தொட்டியில் வைத்தோம். தவளை அதற்குள் புகுந்துகொண்டது. அதற்கப்புறம் கண்ணிலேயே படவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "தவளை எங்க அண்ணாச்சி?"

"உள்ளதான் இருக்கு."

"பாசி வளக்குதேன்னு சொல்லும்."

மகள் ஈ ஒன்றைத் தொட்டிக்குள் விட்டாள். ஈ பாசிமேல் உட்கார்ந்தது. சளக்கென்று ஒரு சத்தம். ஈயைக் காணோம்.