தவளைகளுக்கு எத்தனை மெழுகுதிரி

பிறிஜெற் அன்ரி வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வந்தால், அடுத்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஒரு மெழுகுதிரி எரியும். சாமானைக் கண்டுபிடித்தவரின் ஆத்துமாவுக்கு. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன்: பிறிட்ஜுக்கு ஒன்று, றைஸ் குக்கருக்கு ஒன்று. கொட்டாஞ்சேனையில் அவர்களும் நாங்களும் ஒரே மாடியில் இருக்கிறோம்.

போன வருடம் அன்ரியின் இதயம் இடையிடையே அடிக்க மறந்தது. நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைக்கவேண்டும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்றார் டொக்டர். அன்ரி ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார்.

"மற்றச் சாமானெல்லாம் வீட்டுக்குள்ள வந்தது. இது எனக்குள்ள வருது. கடனோட எடுக்க ஏலாது. இதை ஆர் கண்டுபிடிச்சது, பிள்ளை?"

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். பௌதிகவியல், வேலை இன்னும் இல்லை. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். படித்தது எதற்காவது உதவட்டும் என்று நினைத்தேனோ என்னவோ, முழுவதையும் சொன்னேன்.

இத்தாலியில் ஒருவர் கத்தியால் தொட, செத்த தவளையின் கால் துடித்தது. அவருடைய விளக்கம் பிழை என்று காட்டப் புறப்பட்ட இன்னொருவர் பற்றரி செய்தார். ரெலிபோன் கம்பனி ஒன்றின் தேவைக்கு ரான்சிஸ்ரர் வந்தது. பிறகு அமெரிக்காவில் இதய ஒலியைப் பதியக் கருவி செய்த ஒருவர் பிழையான பாகத்தைப் பூட்டிவிட, கருவி இதயம் போலத் தானே துடிக்கத் தொடங்கியது; அதுதான் நெஞ்சுக்குள் வைக்கும் பேஸ்மேக்கராக வளர்ந்தது.

"அப்ப ஒருத்தரும் நெஞ்சை நினைக்கேல்லையா?"

"கடைசி ஆள் கொஞ்சம் நினைச்சவர், அன்ரி."

"தவளைக்கும் ஒண்டு கொளுத்தும்," என்றார் அவர் கணவர் ஹியூபேட் அங்கிள், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அன்ரி அதைப் பகிடியாக எடுக்கவில்லை. "மனுசர் தங்கட விருப்பத்துக்குச் செய்தவங்கள். தவளையிட்ட ஆர் கேட்டது? எத்தினை தவளை, பிள்ளை?"

"தெரியாது."

"தெரியாம எப்பிடிக் கொளுத்துறது?"

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இரும்," என்றார் அங்கிள். "நேர மேல போய் அதுகளிட்டயே கேக்கலாம்."

தவளைக் கணக்கைத் தேடிச் சொல்வதாக நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் அன்ரி சம்மதித்தார். செவ்வாய்க்கிழமை மனிதர்களுக்குக் கொளுத்தினார். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் படுத்தார். கருவி ஒழுங்காக வேலை செய்தது. அதன்பின் மாடிப்படியில் கண்டபோதெல்லாம் "கிடைச்சதா?" என்று கேட்பார். கிடைக்கவில்லை. அந்த இத்தாலிக்காரர் எண்ணியதாகவும் தெரியவில்லை.

இந்த வருடம் அன்ரி டெங்குக் காய்ச்சலில் இறந்தார். கருவியில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள்.

கொச்சிக்கடையால் பஸ் போகும்போது கோயிலடியில் இறங்குவதா என்று யோசிப்பேன். ஒரு மெழுகுதிரி போதாது என்று மட்டும் தெரியும்.